தம்போலா சொதப்புகிறதா? முதலில் அட்டையைப் பாருங்கள்

மறுவீட்டுக்கு வந்த கூட்டம், கோயில் கொடைக்கு ஊர் திரும்பிய சொந்தம், பழைய மாணவர் சந்திப்பு என்று நெல்லைப் பக்கம் எங்கே நாற்பது பேர் சேர்ந்தாலும், சாப்பாடு முடிந்த மூன்று மணி வாக்கில் யாராவது ஒருவர் “தம்போலா போடுவோமா?” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சில வீடுகளில் ஹவுசி, பிள்ளைகள் வாயில் பிங்கோ. ஒருவர் எண்ணையோ, வீட்டில் செய்த அட்டை என்றால் சொல்லையோ கூப்பிட, அது தங்கள் அட்டையில் இருந்தால் மற்றவர்கள் அடித்துக்கொண்டே போகும் ஆட்டம். ஆட்டம் நன்றாகப் போனால் யாரும் காரணம் கேட்பதில்லை. சொதப்பினால் மட்டும் பழி முழுக்க எண் கூப்பிட்டவர் தலையில் விழும். என்னைக் கேட்டால் அவர் பெரும்பாலும் நிரபராதி. கோளாறு முந்தின நாளே, அட்டை தயாரித்த மேசையில் நடந்து முடிந்திருக்கும்.

கீழே, ஆட்டத்தின் நடுவே கேட்கும் புலம்பல்களையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் கேட்ட புலம்பல் எதுவோ அதற்குப் போய்க்கொள்ளலாம். முதல் இரண்டை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது. மற்ற பாதித் தொல்லைகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

“ஒரே நேரத்துல எட்டுப் பேர் கத்துதாங்க”

கத்தியவர்களின் அட்டைகளை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். என்ன கோளாறு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அட்டைகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், ஒரே தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது கடையில் வாங்கிய இரண்டு தம்போலா புத்தகங்களும் ஒரே அச்சு. இதற்கு அந்த நேரத்தில் வைத்தியம் கிடையாது. பரிசைப் பங்கிட்டுவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு ஒரே புத்தகத்திலிருந்து மட்டும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுங்கள். இரண்டு புத்தகம் தேவைப்படும் அளவுக்குக் கூட்டம் என்றால், வாங்கும்போதே இரண்டின் முதல் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

சொற்கள் ஒன்றாகவும் இடம் மட்டும் மாறியும் இருந்தால், அதுதான் வீட்டில் அட்டை தயாரிப்பவர்கள் அதிகம் விழும் குழி. 9 கட்டம் உள்ள அட்டைக்குச் சரியாக 9 ஊர்ப் பெயர்களை எழுதி, ஒவ்வோர் அட்டையிலும் கலைத்துப் போடுவார்கள். பார்க்க எல்லாம் வேறு வேறாகத் தெரியும். ஆனால் முழு அட்டை அடிப்பதற்கு எந்தச் சொல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. எந்தச் சொற்கள் இருக்கின்றன என்பதுதான் கணக்கு. ஒன்பதாவது சொல்லைக் கூப்பிட்ட நொடியில் மண்டபம் முழுக்க எழுந்து நிற்கும். குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை அடிப்பதற்கு மட்டும்தான் இடம் முக்கியம்.

சரி, பட்டியலை 12 சொல் ஆக்கினால் போதுமா? போதாது. 12 சொல்லிலிருந்து 9 எடுக்க 220 வழிகள்தான் உண்டு. 25 பேர் ஆடினால் எங்கோ இரண்டு பேர் கையில் அதே ஒன்பது சொற்கள் இருப்பதற்கு ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு வாய்ப்பு. அது போக, பதினோராவது சொல் வரும்போது சராசரியாக ஆறு பேருக்கு அட்டை நிறைந்திருக்கும். பட்டியலை 30 ஆக்குங்கள். 9 எடுக்கும் வழிகள் 1 கோடியே 43 லட்சத்தைத் தாண்டிவிடும். அதன் பிறகு இரண்டு பேருக்கு ஒரே அட்டை வருவது அபூர்வம். என் கைக்கணக்கு இது: 9 கட்டத்துக்கு 25 முதல் 30 சொல், 16 கட்டத்துக்கு 40, 25 கட்டத்துக்கு 60-ஐ ஒட்டி.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததில்லை. நியூயார்க்கில் எட்வின் லோ என்ற பொம்மை வியாபாரி 1929-க்குப் பிறகு இந்த ஆட்டத்தைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியபோது, அட்டைகள் போதாமல் ஒரே ஆட்டத்தில் பலர் ஜெயிப்பதாகப் புகார் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் கார்ல் லெஃப்லரிடம் போய், ஒன்றுபோல் ஒன்று வராத 6,000 அட்டைகளைப் போட்டுத் தரச் சொன்னார். அந்த மனிதர் கையால் உட்கார்ந்து செய்த வேலையை இன்று உங்கள் மகன் கம்ப்யூட்டரில் கால் மணி நேரத்தில் முடிப்பான். எப்படி என்பது அச்சுப் பகுதியில் இருக்கிறது.

அட்டைகளில் சொற்களே வேறு வேறாக இருந்தும் நாலைந்து பேர் சேர்ந்து கத்தினால், அட்டையில் பழுதில்லை. கூட்டத்துக்குப் பரிசின் வடிவம் எளிதாகிவிட்டது. நூறு பேர் ஆடும் இடத்தில் ‘முதல் ஐந்து எண்’ பரிசை வைத்தால் அப்படித்தான் நடக்கும். அதை ‘முதல் ஏழு’ என்று மாற்றுங்கள், அல்லது சேர்ந்து கத்தியவர்களுக்குள் சீட்டு எடுங்கள்.

“முடியவே மாட்டேங்குது, காபி குடிக்கப் போறேன்”

நம் ஊர் தம்போலா டிக்கெட்டில் 3 வரிசை, 9 நெடுவரிசை. ஒரு வரிசைக்கு 5 எண் வீதம் 15 எண்கள். கூப்பிடுவது 1 முதல் 90 வரை. ஒரே ஒரு டிக்கெட் முழுதாக நிறையச் சராசரியாக 85 எண்கள் கூப்பிட வேண்டியிருக்கும். 50 டிக்கெட் ஓடும் ஆட்டத்தில் யாராவது ஒருவருக்கு ஃபுல் ஹவுஸ் (முழு டிக்கெட்டும் நிறைவது) விழுவது 70-வது எண்ணை ஒட்டித்தான். எண்ணுக்கு எட்டு வினாடி என்று வைத்தாலும், நடுவில் பரிசு சரிபார்ப்பதெல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் ஓடிவிடும். எட்டுப் பேர் மட்டும் ஆடும் வீட்டில் இதே டிக்கெட்டை வைத்தால் இன்னும் இழுக்கும். ஆட்கள் குறைவு என்றால் ஆளுக்கு மூன்று டிக்கெட் கொடுங்கள்.

சொந்தமாகச் செய்யும் அட்டைக்கும் இதே கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம். பட்டியலில் உள்ள சொற்களோடு 1 கூட்டி, கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, கட்டங்களோடு 1 கூட்டி வருவதால் வகுத்தால், ஓர் அட்டை நிறையச் சராசரியாக எத்தனை அழைப்பு என்பது கிடைக்கும். 30 சொல், 9 கட்டம் என்றால் 31 × 9 ÷ 10. அதாவது 28-ஐ ஒட்டி. இது ஒற்றை அட்டைக் கணக்கு. 25 பேர் இருந்தால் முதல் ஆள் 21 அல்லது 22-வது சொல்லிலேயே நிறைத்துவிடுவார். குறிப்புச் சொல்லி, அதற்கு எல்லோரும் யோசித்து, சிரித்து முடிக்க ஒரு சொல்லுக்கு அரை நிமிடம் வைத்தால் பத்துப் பதினோரு நிமிடம். பிள்ளைகள் இருக்கும் கூட்டத்துக்கு அதுதான் அளவு. 16 கட்டம், 40 சொல் என்றால் ஒற்றை அட்டைக்கு 38-க்கு மேல் போகிறது. பெரியவர்கள் மட்டும் என்றால் சரி.

இழுக்கிற ஆட்டத்தை நடுவில் காப்பாற்ற ஒரே வழி, இடையில் சின்னச் சின்னப் பரிசுகள். முதல் ஐந்து, மேல் வரி, நடு வரி, கீழ் வரி, நான்கு மூலை, கடைசியில் ஃபுல் ஹவுஸ் என்ற வழக்கமான வரிசை காரணம் இல்லாமல் வரவில்லை. பத்து எண்ணுக்கு ஒருமுறை யாராவது எழுந்து வந்தால்தான் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பிடித்த ஒன்று: இருபது எண் கூப்பிட்ட பிறகும் ஒன்றுகூட விழாத டிக்கெட்டுக்கு ஓர் ஆறுதல் பரிசு. ‘எனக்கு ஒண்ணும் விழலியே’ என்று மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவை ஆட்டத்துக்குள் இழுத்துவர இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. ஆறு டிக்கெட் கொண்ட முழு நாடாவில் 1 முதல் 90 வரை எல்லா எண்களும் ஒவ்வொரு முறை வரும். அதைக் கையில் வைத்திருப்பவருக்கு எந்த எண் கூப்பிட்டாலும் ஒரு கட்டம் அடிபடும், சும்மா இருக்கும் நேரமே கிடையாது. ஆர்வமுள்ள இரண்டு பேருக்கு நடுவே ஒரு முழு நாடாவைக் கொடுத்துப் பாருங்கள்.

“உக்காந்து நிமிரலை, அதுக்குள்ள முடிஞ்சு போச்சு”

இது பெரும்பாலும் 25 கட்ட அட்டையில் வரும். ஐந்துக்கு ஐந்து, நடுக்கட்டம் இலவசம். இதில் குறுக்கே 5, நெடுக்கே 5, மூலைவிட்டம் 2 என்று 12 வரிகள் உண்டு. அவற்றில் 4 வரிகள் இலவசக் கட்டத்தின் வழியாகப் போவதால் நாலே சொல் அடித்தால் போதும். கூட்டம் பெரிதென்றால் சீக்கிரமே எவனாவது ஒருவன் கத்திவிடுவான்.

இரண்டு வழி. நடுக்கட்டத்தின் இலவசத்தை எடுத்துவிடுங்கள். அல்லது ஒரு வரிக்குப் பதிலாக வடிவத்துக்குப் பரிசு வையுங்கள்: ‘ட’ எழுத்து (இடது நெடுவரிசையும் கீழ் வரிசையும்), கூட்டல் குறி, அட்டையின் ஓரம் முழுவதும். வடிவத்தை வாயால் விளக்கினால் பாதிப் பேருக்குப் புரியாது. சார்ட் அட்டையில் பெரிதாக வரைந்து எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள்.

“என்ன நம்பர் சொன்னாவ? கேக்கவே இல்லை”

கல்யாண மண்டபத்தின் எதிரொலியில் ‘அறுபத்தேழு’க்கும் ‘எழுபத்தேழு’க்கும் வித்தியாசம் கிடையாது. ஆங்கிலத்தில் கூப்பிட்டால் தர்ட்டீன், தர்ட்டி என்று இன்னும் மோசம். எண்ணைச் சொல்லிவிட்டு இலக்கங்களையும் சொல்லுங்கள்: “அறுபத்தேழு… ஆறு, ஏழு.” அப்புறம் அதே எண்ணை ஒரு பலகையில் எழுதுங்கள். மைக்கை வாய்க்குள் திணித்துக் கத்துவதைவிட ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சாதாரணமாகப் பேசினால் கடைசி வரிசை வரை தெளிவாகப் போகும்.

எண்ணுக்குப் பட்டப்பெயர் வைப்பது வேடிக்கைக்கு மட்டும் இல்லை. காது மந்தமானவருக்கு அது இரண்டாவது வாய்ப்பு. எண் பிடிபடாவிட்டாலும் பெயர் பிடிபடும். இதற்கு யாரோ எழுதிய பட்டியலை இறக்கி வாசிக்காதீர்கள். நம் ஊருக்கே கைவசம் எவ்வளவோ இருக்கிறது. 72 என்றால் “நம்ம வண்டி”. திருநெல்வேலிப் பதிவெண் டி.என். 72 என்பது ஸ்கூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். 69 “தூத்துக்குடிக்காரங்க”, 74 “நாகர்கோவில்காரங்க”, 76 “தென்காசி”, 67 “விருதுநகர்”. தென்காசி மாவட்டம் 2019-ல்தான் தனியாகப் பிரிந்தது. அதனால் 76-ஐக் கூப்பிடும்போது “பிரிஞ்சு போன தம்பி” என்று ஒருவர் போட்டார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 5 “பஞ்ச சபை, அதுல தாமிர சபை நம்மது”. 9 “நவ கைலாயம்”. 18 “ஆடிப் பெருக்கு”. 27 “நட்சத்திரம்”. 60 “அறுபதாங் கல்யாணம்”. 63 “நாயன்மார்”. 64 “ஆய கலை”.

தொண்ணூறுக்கும் பெயர் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. இருபது, இருபத்தைந்து எண்களுக்கு இருந்தால் போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் கதை சொன்னால் மேலே சொன்ன காபிக்காரர் மறுபடி எழுந்துவிடுவார்.

“குறிப்பு சொன்னா சண்டைல்லா வருது”

எண்ணுக்குப் பதிலாக ஊர்ப் பெயர்களை அட்டையில் போட்டு, கூப்பிடுபவர் பெயரைச் சொல்லாமல் குறிப்பை மட்டும் சொல்லும் ஆட்டம். நெல்லைக் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தனி அட்டை கிடையாது என்பது என் கட்சி. தாத்தாவும் பேரனும் ஒரே அட்டைக்கு மேல் குனிந்து பேசிக்கொள்வது எண் ஆட்டத்தில் நடப்பதில்லை.

ஆனால் குறிப்பு எழுதும்போது கவனம் தேவை. “இங்கே அருவி இருக்கு” என்று சொன்னால் ஒருவர் மணிமுத்தாறை அடிப்பார், இன்னொருவர் பாபநாசத்தை அடிப்பார், இரண்டும் சரி. “ஆடி அமாவாசைக்குக் கூட்டம் அள்ளும்” என்றால் பாபநாசமா, காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலா? அங்கே ஆரம்பிக்கும் சண்டை. ஒரு குறிப்பை எழுதியதும், உங்கள் பட்டியலில் உள்ள மற்ற எல்லாப் பெயர்களையும் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொன்றுக்கும் பொருந்தினால் குறிப்பை மாற்றுங்கள், அல்லது அந்த இன்னொரு பெயரைப் பட்டியலிலிருந்து தூக்குங்கள்.

இடிக்காமல் நிற்கும் சில குறிப்புகள்: கோரைப் பாய் என்றால் பத்தமடை. அப்பளம் என்றால் கல்லிடைக்குறிச்சி. ஆற்றில் வெள்ளம் வந்தால் முழுகிப்போகும் முருகன் கோயில், குறுக்குத்துறை. நீர்ப்பறவைகள் ஊருக்குள்ளேயே கூடு கட்டும் இடம், கூந்தன்குளம். தேயிலைத் தோட்டம், மாஞ்சோலை. அணு உலை, கூடங்குளம். பல்கலைக்கழகம், அபிஷேகப்பட்டி. கடற்கரையே இல்லாத ஊரில் கடற்படைத் தளம், விஜயநாராயணம். இதற்கு மட்டும் யாரும் உடனே பதில் சொல்வதில்லை, சொன்னதும் எல்லோரும் “அட ஆமா” என்பார்கள். 1988-ல் அறிவித்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், களக்காடு முண்டந்துறை.

அல்வாவைக் குறிப்பாக வைக்காதீர்கள். எந்தக் கடை என்பதில் ஆரம்பித்து, ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

முப்பது பெயர் தேற்ற முடியாதவர்கள் ஊரோடு சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்: சொதி, உளுந்தங்களி, கூட்டாஞ்சோறு, அவியல், கருப்பட்டிக் காபி. எழுதப் படிக்கத் தெரியாத வாண்டுகளுக்குப் பெயருக்குப் பதில் படம். தேர், யானை, பனைமரம், மயில், ஆறு, ரயில், இட்லி. ஆறு கட்டம் போதும், பட்டியல் பதினாறு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இருபத்தைந்து கட்டம் கொடுத்தால் அட்டையைக் கப்பலாக மடித்துவிடும்.

“கல்யாண வீட்டு அட்டைல ஒரு கட்டம்கூட அடிபடலை”

யாரும் கூப்பிடாத பிங்கோ இது. மண்டபத்தில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து அவரவரே அடித்துக்கொள்ள வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வகை. கட்டத்தில் “ஒருவர் செல்ஃபி எடுக்க மணமேடை ஏறுகிறார்”, “பந்தியில் அவியல் இரண்டாம் தரம் வருகிறது”, “மாமா சாவியைத் தேடுகிறார்” என்றெல்லாம் எழுதியிருக்கும்.

இங்கே பழுது இரண்டு பக்கமும் வரும். எல்லாமே அரிதானவை என்றால் அட்டை வெறுமையாகவே வீட்டுக்குப் போகும். எல்லாமே நிச்சயம் நடப்பவை என்றால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எழுதும்போதே மூன்று குவியலாகப் பிரியுங்கள்: கண்டிப்பாக நடக்கும், நடக்கலாம், நடந்தால் அதிசயம். 16 கட்ட அட்டையில் முறையே 5, 8, 3 என்று போட்டால் நன்றாக ஓடும். இந்த 5 நிச்சயக் கட்டங்களில் நான்கு ஒரே வரியில் சேர்ந்துவிடாமல் கையால் தள்ளி வையுங்கள். இதை மட்டும் கம்ப்யூட்டரிடம் விடாதீர்கள்.

கட்டத்தில் எழுதுவது கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். “மாப்பிள்ளை டென்ஷனாக இருக்கிறார்” என்று எழுதினால் யார் தீர்ப்புச் சொல்வது? “மாப்பிள்ளை கர்ச்சீப்பால் முகம் துடைக்கிறார்” என்று எழுதினால் தகராறு இல்லை.

இன்னொன்று கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். “ ‘எப்ப கல்யாணம்?’ என்று ஆச்சி கேட்கிறார்” என்பது பேப்பரில் நகைச்சுவை. முப்பது வயது தாண்டிய அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, நாலு பேர் சிரித்துக்கொண்டே அந்தக் கட்டத்தை அடித்தால் அது நகைச்சுவை இல்லை. குழந்தை, நிறம், உடல் பருமன், வேலை, சீர்வரிசை, சாதி எதுவும் கட்டத்துக்குள் வரக்கூடாது. அட்டை கண்டிப்பாக மைனி கையிலும் மாமியார் கையிலும் ஒருமுறையாவது போய்ச் சேரும் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

“பிரிண்ட் எடுத்தா எழுத்தெல்லாம் சிதறிக் கிடக்கு”

வீட்டில் சரியாகத் தெரிந்த தமிழ், கடைக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் அப்படித்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். யூனிகோடில் இருந்தும் கொம்பும் காலும் தனித்தனியாக, நடுவில் புள்ளி வட்டத்தோடு வந்தால், அச்செடுக்கும் மென்பொருளுக்குத் தமிழைச் சேர்க்கத் தெரியவில்லை என்று பொருள். எப்படியானாலும் கடைக்குப் பிடிஎஃப் ஆக மட்டும் கொண்டுபோங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே அடங்கி வந்துவிடும். வீட்டிலேயே அந்தப் பிடிஎஃப்பை வேறொரு போனில் திறந்து பார்த்துவிட்டால் கடைக்கு இரண்டு நடை நடக்க வேண்டியதில்லை.

‘விஜயநாராயணம்’ கட்டத்துக்குள் அடங்காமல் ‘விஜயநாராய’ வரை வந்து நிற்கிறதா? எழுத்தைச் சின்னதாக்காதீர்கள். மூத்தவர்களால் படிக்க முடியாது. ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வைத்து இரண்டு அட்டை மட்டும் போடுங்கள். எழுத்து 16 புள்ளிக்குக் குறைய வேண்டாம். நீளப் பெயரைச் சொல் முறியும் இடத்தில் நீங்களே இரண்டு வரியாக்கிவிடுங்கள்.

இப்போது அட்டை கலைக்கும் முறை. எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் முதல் நெடுவரிசையில் முப்பது பெயர்களையும், பக்கத்து நெடுவரிசையில் ரேண்ட் என்ற சூத்திரத்தையும் (=RAND()) போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, இரண்டாவதின்படி வரிசைப்படுத்தினால் பெயர்கள் கலைந்துவிடும். மேலே நிற்கும் முதல் ஒன்பதும் ஓர் அட்டை. திரும்ப வரிசைப்படுத்தினால் அடுத்த அட்டை.

“நேத்து பாத்த அட்டை வேற, இன்னைக்கு இருக்கது வேற” என்ற புலம்பல் இங்கேதான் வரும். ரேண்ட் சூத்திரம் தாளில் எங்கே கை வைத்தாலும் புதிதாக எண் போடும். அட்டைக் கட்டங்களை அதோடு இணைத்து வைத்திருந்தால் அவையும் மாறிவிடும். அட்டை பிடித்தவுடன் அதை நகலெடுத்து, ‘மதிப்பு மட்டும்’ ஒட்டும் வசதியால் வேறு தாளில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். இந்த எண் இல்லாத அட்டையை நான் அச்சுக்கே அனுப்ப மாட்டேன். காரணம் அடுத்த பகுதியில்.

90 எண் டிக்கெட்டை இப்படிக் கலைத்துப் போட முடியாது. முதல் நெடுவரிசையில் 1 முதல் 9, அடுத்ததில் 10 முதல் 19, இப்படியே போய்க் கடைசியில் 80 முதல் 90. வரிசைக்குச் சரியாக ஐந்து, ஒவ்வொரு நெடுவரிசையிலும் குறைந்தது ஒன்று. கையால் எழுதிய டிக்கெட்டில் ஏதோ ஒரு வரிசையில் ஆறு எண் புகுந்து, அந்த ஆள் மட்டும் வரி அடிக்க முடியாமல் தவிப்பார். பேசாமல் ஸ்டேஷனரி கடையில் புத்தகமாக வாங்கிவிடுங்கள். சொந்த அட்டைக்கான உழைப்பைச் சொல் அட்டையில் காட்டலாம்.

சாதாரணத் தாள் ஆடிக்காற்றிலும் மண்டபத்து ஃபேனிலும் பறக்கும். சார்ட் அட்டையில் எடுத்தால் நிற்கும். பேனாவால் அடிக்காமல் புளியமுத்தை வைத்து ஆடினால் அதே அட்டை அடுத்த கொடைக்கும் ஆகும். கையளவு புளியமுத்து எந்த வீட்டிலும் கிடைக்கும், அட்டைக்குப் பாரமும் அதுவே.

“அவன் பூகி! நான்தான் முதல்ல சொன்னேன்”

தப்பாக உரிமை கோருவது பூகி. இதற்கான விதிகளை ஆட்டத்துக்கு முன்னால் மைக்கில் சொல்லிவிட்டால் பாதி அடங்கிவிடும். அடுத்த எண் கூப்பிடுவதற்குள் கத்த வேண்டும். அடுத்த எண் வாயைவிட்டு வந்துவிட்டால் போனது போனதுதான். ஒரே எண்ணுக்கு இருவர் என்றால் பங்கு. பூகி அடித்தவரை ஆட்டத்தைவிட்டு வெளியேற்றுவது சில இடத்து வழக்கம். குடும்பக் கூட்டத்துக்கு அது அதிகப்படி. அந்தப் பரிசுக்கு மட்டும் அவர் கிடையாது என்றால் போதும்.

சரிபார்க்க, கூப்பிட்ட எண்களைப் பலகையில் வரிசையாக வைத்திருக்க வேண்டும். சொல் அட்டை என்றால் உங்கள் கையில் எல்லா அட்டைகளின் பிடிஎஃப்பும் இருக்கும். “பதினேழாம் நம்பர் அட்டை” என்றதும் போனில் திறந்து ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். வரிசை எண் இல்லாவிட்டால் புளியமுத்து உருண்ட அட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு மேடைக்கு வருவார்கள். அப்புறம் எதை வைத்துத் தீர்ப்பு?

தீர்ப்பு சொல்ல வயதில் மூத்த ஒருவரை உட்கார வைப்பது நல்லது. கூப்பிடுபவரே நீதிபதியும் ஆனால் “அவரு மச்சினனுக்குத்தான் கொடுப்பாரு” என்ற பேச்சு வரும். அண்ணாச்சி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

“எப்பப் பாத்தாலும் அவங்க வீட்டுக்கே விழுது”

முதலில் டிக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆறு டிக்கெட் வைத்திருப்பவருக்கு ஒரு டிக்கெட்காரரைவிட ஆறு மடங்கு வாய்ப்பு. ஆளுக்கு இத்தனை என்று உச்சவரம்பு வையுங்கள். அடுத்தது சீட்டு. தடித்த தாளில் மடித்த சீட்டும் மெல்லிய தாளில் மடித்த சீட்டும் கலந்தால் தடித்தது கையில் சிக்கும். கடைசியில் போட்டவை மேலேயே கிடக்கும். கிண்ணத்தைவிட ஒரு மஞ்சப்பை நல்லது, உள்ளே கைவிட்டு அடியோடு புரட்டலாம். போனில் எண் எடுக்கும் செயலி வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் திரையை எல்லோருக்கும் காட்டுங்கள், இல்லாவிட்டால் சந்தேகம் அப்படியே இருக்கும்.

டிக்கெட்டுக்குக் காசு வாங்கி அதையே பரிசாகப் பிரிப்பதை நான் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் லாட்டரியே 2003-ல் ஒழிந்தது. பணம் வைத்த ஆட்டம் சட்டத்தோடும் உறவோடும் ஒருசேர வம்பு. எவர்சில்வர் டம்ளர், பத்தமடைப் பாய்த் தடுக்கு, அப்பளக் கட்டு, கருப்பட்டி என்று பொருளாக வையுங்கள். ஃபுல் ஹவுஸுக்கு மட்டும் ஒரு கிலோ அல்வா. அதைக் கண்ணில் படும்படி மேசையில் வைத்தால் கடைசி எண் வரை ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

“துபாய்ல இருக்க சித்தி கத்தினது எங்களுக்குக் கேக்கலையாம்”

வீடியோ அழைப்பில் சேர்ந்து ஆடும்போது குரல் ஒன்றிரண்டு வினாடி பிந்தித்தான் வரும். மண்டபத்தில் இருப்பவர் எப்போதும் முந்திக்கொள்வார். அதனால் வெளியூரில் இருப்பவர்களுக்குக் குரல் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதட்டும். கூப்பிடுபவர் ஒவ்வோர் எண்ணையும் குழுவிலும் போட்டுவிட்டு, மண்டபத்துக்கு ஒரு கணக்கு, குழுவுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனிப் பரிசு வைத்துவிட்டால் போட்டியே வராது. குழுவுக்குள் இரண்டு பேர் சேர்ந்து எழுதினால், கூப்பிடுபவர் போனில் எது மேலே இருக்கிறதோ அதுவே முதல் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஒவ்வொரு போனிலும் செய்திகள் வரும் வரிசை மாறும்.

அட்டையைக் குழுவில் பொதுவாகப் போட்டால் இரண்டு பேர் ஒன்றையே எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்பி, எந்த எண் அட்டை யாருக்கு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சித்தி “அடிச்சாச்சு” என்று மட்டும் எழுதினால் செல்லாது, “அடிச்சாச்சு, அட்டை 23” என்று எழுத வேண்டும். அல்வாவை யார் கூரியர் செய்வது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.